வெறுங்கால் கேப்டன், வெள்ளைக் கோட்டு டாக்டர்



ஜூலை 31. சங்ககிரிக்காரங்களுக்கு இந்தத் தேதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1805-ல் தீரன் சின்னமலையை நம்ம மலைக்கோட்டையில் தூக்கிலிட்ட நாள். அதே ஜூலை 31-ல், 143 வருஷம் கழித்து, நடந்த இன்னொரு சம்பவம் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1948-ல் லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு என்ற ஊரில், ஒலிம்பிக் கால்பந்துப் போட்டியில், சுதந்திர இந்தியா முதன்முதலா ஒரு சர்வதேச ஆட்டம் ஆடியது. எதிரணி பிரான்ஸ். நம்ம ஆட்கள் பெரும்பாலானோர் காலில் பூட்ஸ் கிடையாது. வெறுங்கால்!

அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? நம்மள மாதிரியே ஒரு காலேஜ் ஸ்டூடன்ட். மருத்துவக் கல்லூரி மாணவர். பெயர் தாலிமெரன் ஆவ். சுருக்கமா டி. ஆவ்.

கபடி, வாலிபால், கால்பந்து என்று சாயங்காலம் ஆனா கிரவுண்டில்தான் கிடக்கிறோம். முழங்கால் தேய்ஞ்சா பெருமையா காட்டுறோம், கழுவ மட்டும் மறந்துடுறோம். அதனாலதான் இந்த இதழில் இவர் கதை. தோல் கிழிஞ்சா என்ன ஆகும் என்பதை ஆட்டக்காரனாகவும் டாக்டராகவும் ரெண்டு பக்கமும் இருந்து பார்த்த மனுஷன் அவர்.

துணிப்பந்து

1918 ஜனவரி 28. நாகா மலையில் சாங்கி என்ற கிராமம், இன்றைய நாகாலாந்தின் மோகோக்சுங் மாவட்டம். அங்கே பிறந்தார் ஆவ். அப்பா சுபோங்வதி நிங்டாரி ஒரு பாப்டிஸ்ட் போதகர். வீட்டில் 12 குழந்தைகள், இவர் நாலாவது. குடும்பம் பிறகு இம்பூர் என்ற மிஷன் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

12 பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தோல் பந்து வாங்கித் தர யாரால் முடியும்? கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டின பந்துதான். மேடும் பள்ளமுமான இம்பூர் மைதானத்தில், செருப்பு கூட இல்லாமல் அதைத் துரத்தித் துரத்தி ஓடினார். நம்ம ஊரில் தாத்தா தலைமுறையைக் கேட்டுப் பாருங்க. அவங்களுக்கும் துணிப்பந்துதான், வெறுங்கால்தான். கரடும் முள்ளும் அவங்க உள்ளங்காலை ஒண்ணும் பண்ணாது.

ஏன் ஒண்ணும் பண்ணாது? தோலின் மேலடுக்கில் இருப்பது செத்துப்போன செல்கள், ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தமும் உராய்வும் விழுந்தால், அடியில் இருக்கிற செல்கள் வேகமாகப் பெருகி அந்தக் கூரையைத் தடிமனாக்கும். அதைத்தான் காய்ப்பு காய்ச்சிருக்கு என்கிறோம். மெதுவா, மாசக்கணக்கில் வந்தால் காய்ப்பு. ஒரே நாளில் ஓவரா வந்தால் கொப்புளம். உராய்வுக் கொப்புளத்தில் அடுக்குகள் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். உடம்பு தானே செய்துகொள்ளும் மெட்டீரியல் இன்ஜினியரிங்னு வெச்சுக்கங்களேன்.

அப்பாவின் கடைசி ஆசை

ஜோர்ஹாட்டில் இருந்த மிஷன் பள்ளியில் படிக்கும்போதே ஆவ் சிறந்த விளையாட்டு வீரர் என்று பெயர் வாங்கிவிட்டார். கால்பந்து மட்டும் இல்லை. வாலிபால், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் எல்லாத்திலும் ஆள் கில்லாடி.

1935-ல் அப்பா டைஃபாய்டில் இறந்துபோனார். மகன் டாக்டராகி, சொந்த ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. பையனுக்கு அப்போ 17 வயசு.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. 1935-ல் டைஃபாய்டுக்கு மருந்தே இல்லை. அதைக் குணப்படுத்திய முதல் மருந்தான குளோரம்பெனிகால் வேலை செய்கிறது என்று உலகம் கண்டுகொண்டது 1948-ல். மகன் லண்டனில் இந்தியக் கொடி பிடித்து நடந்த அதே வருஷம்! 13 வருஷ வித்தியாசத்தில் ஒரு அப்பா. டாக்டர் ஆகணும் என்பது நிறையப் பேருக்கு வீட்டில் சொன்னதற்காக எடுக்கிற முடிவு. ஆவுக்கு அது அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

அதன்பின் கவுகாத்தி காட்டன் கல்லூரி. அங்கே மகாராணா கிளப்புக்கு ஆடினார். அங்கிருந்து 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. இன்றைக்கு அதற்கு ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று பெயர்.

கல்கத்தா: பகலில் வகுப்பு, மாலையில் மைதானம்

அவர் சேர்ந்த வருஷம் சாதாரண வருஷம் இல்லை. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1943-ல் வங்கப் பஞ்சம். 1944-ல் அவருடைய சொந்த மலையிலேயே, கோஹிமாவில், ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை பெரும் போர். படிக்கிற பையனைச் சுற்றி இத்தனை நடந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவே 1943-ல் மோகன் பகான் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அந்தக் கிளப் சும்மா இல்லைங்க. 1911 ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்று வென்ற அணி. பூட்ஸ் போட்ட ராணுவக்காரர்களை எதிர்த்து, பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடி ஜெயித்தார்கள். அதற்கப்புறம் வெறுங்கால் என்பது ஏழ்மையின் அடையாளமாக மட்டும் இல்லாமல், ஒரு கெத்தாகவும் மாறிவிட்டது.

ஆவ் அந்தப் பாரம்பரியத்துக்குள் வந்தார். உயரமான ஆள். முன்களத்தில் தொடங்கி, பின்னர் தடுப்பாட்டம் கலந்த நடுக்களத்துக்கு நகர்ந்து, அங்கேயே தூணாக நின்றார். சீக்கிரமே கேப்டனும் ஆனார்.

பகலில் மருத்துவக் கல்லூரி மாணவன் எதையெல்லாம் பார்த்துப் படிப்பான்? புண், சீழ், காய்ச்சல், அழுகல். மாலையில் அதே மாணவன் செருப்பில்லாத காலோடு மைதானத்தில் இறங்கினால், எதிரணியின் பூட்ஸ் எந்த நிமிஷமும் அவன் பாதத்தை மிதிக்கலாம். ஆபத்து என்னவென்று அந்த மைதானத்தில் மற்றவர்களைவிட அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிந்தே ஆடினான்.

ஒரு கொப்புளம் என்ன செய்யும்?

அந்தக் காலத்தில் சின்னப் புண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். 1924 ஜூன் கடைசி. அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் மகன், 16 வயசுப் பையன், வெள்ளை மாளிகை டென்னிஸ் மைதானத்தில் சாக்ஸ் போடாமல் ஷூ மட்டும் போட்டுக்கொண்டு ஆடினான். கால் விரலில் கொப்புளம் வந்தது. கண்டுக்கவே இல்லை. அதன் வழியாக ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்தது. ஜூலை 7-ம் தேதி பையன் இறந்துவிட்டான். நாட்டின் சிறந்த டாக்டர்கள் பக்கத்தில் நின்றார்கள். கையில் மருந்து இல்லை.

இதில் முக்கியமான விஷயம், அந்த பாக்டீரியா எங்கிருந்தோ வந்த வில்லன் இல்லை. நம்மில் நிறையப் பேர் மூக்கிலும் தோலிலும் இப்போதே அது சும்மா குடியிருக்கிறது. கூரை ஓட்டை விழாத வரைக்கும் அது நல்ல பிள்ளை.

ஆவ் மருத்துவம் படித்த வருஷங்கள்தான் இந்தக் கதையே மாறிய வருஷங்கள். 1930-களில் சல்ஃபா மருந்துகள் வந்துவிட்டன. அவர் கல்லூரியில் சேர்ந்த 1942-ல் பெனிசிலின் உலகத்திலேயே சிட்டிகை அளவுதான் இருந்தது. போர் முடியும்போது ஆலைகளில் பெரிய அளவில் தயாரானது. இந்தியாவில் அதைத் தயாரிக்க புனே பக்கம் பிம்ப்ரியில் அரசு ஆலை வந்தது 1950-களில். ஆக, ஒரு கொப்புளம் ஆளைக் கொல்லும் உலகத்தில் பிறந்து, ஒரு ஊசி காப்பாற்றும் உலகத்தில் டாக்டர் ஆனவர் அவர்.

பெனிசிலினுக்கு முன்னாடி அதே ஃப்ளெமிங் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார். முதல் உலகப்போரில் பிரான்சின் புலோன் நகரில் போர்ப்புண்களை ஆராய்ந்தபோது, ஆழமான புண்ணில் ஊற்றுகிற காரமான கிருமிநாசினி, கிருமிகளை முழுசா கொல்லாமல், அதோடு சண்டை போடுகிற நம்ம வெள்ளை அணுக்களையே கொன்றுவிடுகிறது என்று காட்டினார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் சிராய்ப்பில் டெட்டாலை அப்படியே ஊற்றி, எரியுதுடா என்று குதித்துக்கொண்டிருக்கிறோம். எரிந்தால் வேலை செய்யுதுன்னு ஒரு நம்பிக்கை வேற!

இல்ஃபோர்டு, 1948

லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தவர் ஆவ். நாடு சுதந்திரமாகி ஒரு வருஷம் கூட முழுசா ஆகவில்லை. மலைக்கிராமத்தில் துணிப்பந்து உதைத்த பையனுக்கு அப்போ 30 வயசு.

பிரான்ஸ் 30-வது நிமிஷம் கோல் போட்டது. 70-வது நிமிஷம் இந்தியாவுக்காகப் பதில் கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். நம்ம பக்கத்துப் பேர் மாதிரி இருக்கு இல்லையா? சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அதுதான். நடுவே இரண்டு பெனால்டி கிடைத்தும் ரெண்டும் வீணாப்போச்சு. கடைசி நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. தோற்றாலும் கூட்டம் நம்ம பசங்களுக்குக் கைதட்டியது.

வெறுங்கால் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால் என்ற பொருளில் ஆவ் பதில் சொன்னதாக இன்றைக்கும் ஒரு கதை உலவுகிறது. காலில் இரும்பு கிரும்பு இருக்குதா என்று பார்க்க, சைலன் மன்னாவின் பேண்ட்டை மடித்துக் காட்டச் சொன்னார் இங்கிலாந்து மன்னர் என்று இன்னொரு கதை. கதைகள் சுவையாத்தான் இருக்கு. ஆனா நண்பர்களே, அந்தக் காலில் இரும்பு எதுவும் இல்லை. இருந்தது தடித்த தோல் மட்டும்தான். ஆணியும் கண்ணாடித் துண்டும் அந்தத் தோலையும் கிழிக்கும்.

நாலு வருஷம் கழித்து 1952-ல் ஹெல்சின்கி ஒலிம்பிக். குளிர் தேசம். நம்ம அணியில் பலர் அப்போதும் வெறுங்கால். யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. கெத்து ஒரு எல்லை வரைக்கும்தான்.

மலைக்குத் திரும்பின டாக்டர்

அந்தத் தோல்வியின்போது ஆவ் அணியில் இல்லை. 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்ததும் ஆட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டார். நாட்டின் கேப்டன், பெரிய கிளப்பின் கேப்டன், கல்கத்தாவே கொண்டாடிய ஆள். அங்கேயே இருந்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் திப்ருகரில் கொஞ்ச காலம் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, 1953-ல் கோஹிமா அரசு மருத்துவமனைக்கு உதவி சிவில் சர்ஜனாகப் போனார். ஒன்பது வருஷம் முன்னால்தான் அந்த ஊரைப் போர் சல்லடை ஆக்கியிருந்தது. 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. பின்னர் அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13 அன்று காலமானார். அப்பாவின் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டுத்தான் போனார்.

அவர் நூற்றாண்டான 2018-ல் அஞ்சல்தலை வந்தது. அசாமின் கலியாபோரில் ஒரு விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர். வடகிழக்கு மாநில அணிகள் அவர் பெயரில் கோப்பைக்கு ஆடியிருக்கின்றன. ஆனா நம்ம பக்கம் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

பூட்ஸ் வந்துச்சு, சேத்துப்புண்ணும் வந்துச்சு

சரி, இப்போ நாம எல்லாம் பூட்ஸ் போட்டுட்டோம். பிரச்சினை தீர்ந்ததா? இடம் மாறிச்சு, அவ்வளவுதான்.

வெறுங்காலின் எதிரி வெளியே இருக்கிறது: ஆணி, கண்ணாடி, முள், சாணி மண். பூட்ஸ் காலின் எதிரி உள்ளே இருக்கிறது: வியர்வை, சூடு, உராய்வு. விரலிடுக்கில் வெள்ளையா ஊறி, அரிச்சு, வெடிக்கிற சேத்துப்புண் ஒரு பூஞ்சை வேலை. வெறுங்காலோடு நடக்கிறவர்களிடம் அது குறைவு, மூடின ஷூவுக்குள் நாளெல்லாம் கால் ஊறுகிறவர்களிடம் அதிகம். சங்ககிரி வெயிலில் காலை 9-லிருந்து சாயங்காலம் வரை ஷூ, அப்புறம் அதே சாக்ஸோடு கிரவுண்ட். பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஹாஸ்டல் வேணுமா?

அதே குடும்பத்துப் பூஞ்சைதான் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டவட்டமா வர்ற படர்தாமரை. ஒரே துண்டு, ஒரே ஜெர்சி, ஒரே பாய் என்று பகிர்ந்தால் ரூம் முழுக்கப் பரவும். இங்கே நம்ம பசங்க செய்கிற பெரிய தப்பு, மருந்துக்கடையில் பேரைச் சொல்லி ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கித் தடவுவது. ரெண்டே நாளில் அரிப்பு நிற்கும். காரணம், பூஞ்சை சாகவில்லை, அதை எதிர்க்கிற நம்ம தோலின் சண்டைதான் அடங்கிப்போச்சு. உள்ளே அது ஜாலியா பரவும். தோல் மெலிந்து வரி விழும். சாதாரண மருந்துக்கு மசியாத படர்தாமரை இன்றைக்கு இந்தியா முழுக்க டாக்டர்களுக்குத் தலைவலி. இந்தப் பழக்கமும் அதற்கு ஒரு காரணம்.

நம்ம கிரவுண்டுக்கு

டாக்டர் ஆவ் நம்ம டீமுக்கு கேப்டன்னு வெச்சுக்கங்க. டாஸ் போடுறதுக்கு முன்னாடி இன்றைய மருத்துவப்படி என்ன கேட்பார்?

1. விழுந்து தேய்ஞ்சா முதலில் தண்ணி. ஓடுகிற சுத்தமான குழாய்த் தண்ணியில் மண்ணெல்லாம் போகும்வரை கழுவுங்க. சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு. காபித்தூள், அடுப்புச் சாம்பல், செம்மண் எதுவும் வேண்டாம்.

2. கழுவின புண்ணை மூடுங்க. காத்தாட விட்டா சீக்கிரம் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. லேசான ஈரப்பதத்தோடு மூடின புண்தான் சீக்கிரம் ஆறுகிறது. மூடாத, கசிகிற புண்ணோடு கபடிக்குள் இறங்காதீங்க. அது உங்களுக்கும் ஆபத்து, பிடிக்கிறவனுக்கும் ஆபத்து.

3. கொப்புளத்தின் தோலை உரிக்காதீங்க. அதைவிட நல்ல பேண்டேஜ் கடையில் இல்லை.

4. ரணஜன்னி துருவில் இல்லை, மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. ஆடு மாடு மேய்கிற கிரவுண்டில் நமக்கு அது பக்கத்து வீட்டுக்காரர். காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம்தான் அதற்குப் பிடித்த இடம். தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயசிலும் 16 வயசிலும் டி.டி. ஊசி உண்டு. போட்டீங்களான்னு இன்னிக்கே வீட்டுக்கு ஒரு போன் போட்டு அம்மாவைக் கேளுங்க. அழுக்கான ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா உடனே போங்க.

5. துண்டு, ரேசர், சாக்ஸ் ஆளுக்கு ஒண்ணு. நட்பு வேற, துண்டு வேற. குளிச்சதும் விரலிடுக்கைத் துடைங்க. ஷூவை வெயிலில் காய வைங்க. நம்ம ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா?

6. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுது, சூடா இருக்கு, வலி கூடுது, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குது, கோடு மாதிரி மேல ஏறுது. இதில் எது வந்தாலும் மேட்ச்சைப் பார்க்காதீங்க, டாக்டரைப் பாருங்க. கூலிட்ஜ் வீட்டுப் பையனுக்குக் கிடைக்காத மருந்து நம்ம அரசு ஆஸ்பத்திரியில் இலவசமா கிடைக்குது. கொடுத்த மாத்திரையை நாள் கணக்கு முடியும்வரை போடுங்க.

நம்ம மொழியில் போர்க்களத்தில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று ஒரு அழகான பேரே இருக்கு. காயத்தைப் பெருமையாக நினைப்பது நம்ம ரத்தத்தில் ஊறினது. தப்பில்லை. ஆனா வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து நின்ற மனுஷனே, ஆட்டம் முடிஞ்சதும் மற்றவங்க நோயையும் காயத்தையும் ஆற்றத்தான் மீதி வாழ்க்கையைக் கொடுத்தார். அடுத்த ஜூலை 31-ல் சின்னமலைக்கு மாலை போட்டுட்டு வரும்போது, இந்த நாகா மலைக்காரரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. இன்னிக்கு சாயங்காலம் கிரவுண்டுக்குக் கிளம்பும்போது பையில் ஒரு சோப்பும் நாலு பேண்டேஜும் போட்டுக்கங்க.